பேரூரைத் திருவிழா நாளில் பார்ப்பதா, வெறும் நாளில் பார்ப்பதா?

மே 11, காலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

நான் சென்னையில் இருக்கிறேன். கோயம்புத்தூருக்கு மேற்கே உள்ள பேரூர் பட்டீசுவரர் கோயிலில் நடராசர் மண்டபமான கனகசபையின் சிற்பங்களைப் பார்ப்பதற்காக மட்டும் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன். திருவிழாக் கூட்டத்தில் சிற்பங்களை நின்று பார்க்க முடியாது என்பது என் அனுபவம். கலையைப் பார்க்க வருகிறவன் விழா நாட்களைத் தவிர்ப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.

மே 11, இரவு

நான் தொண்டாமுத்தூர்ப் பக்கத்தில் பிறந்தவன். பேரூர் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரிதான். நீங்கள் நினைப்பது சரி என்றே நானும் சொல்வேன். விழா இல்லாத ஒரு புதன்கிழமையோ வியாழக்கிழமையோ, நடை திறந்த சற்று நேரத்தில் உள்ளே இருக்கும்படி வாருங்கள். திங்களும் வெள்ளியும் வேண்டாம். அமாவாசை வேண்டவே வேண்டாம். நொய்யல் படித்துறையில் தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்களால் தெரு நிறைந்துவிடும். கனகசபையின் நடுவில் நின்றுகொண்டு ஒவ்வொரு தூணாகத் திரும்பிப் பார்த்தால் இரண்டு மணி நேரம் போதும். சோழர் காலத்து வேலை, அவசரப்படாமல் பாருங்கள். சுந்தரர் பதிகம் பாடிய தலம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதை மறக்க வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் வெளியூர் உறவினர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய், வழியில் சாப்பிட நிறுத்திய இடத்தில் நேரத்தைத் தொலைத்து, ஒன்றரை மணிக்குக் கோபுரத்தின் முன் இறங்கி, சுடுகிற கல்லில் வெறுங்காலுடன் நின்றது இன்னும் நினைவிருக்கிறது. அன்று அவர்கள் பேரூரில் பார்த்தது விளக்குத்தூண் ஒன்றைத்தான்.

மே 12

நேற்று எழுதியதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. படுத்த பிறகுதான் உறைத்தது.

ஒன்று, கனகசபை சோழர் காலத்து வேலை அன்று. கருவறைப் பகுதி பழமையானது. கரிகாலன் கட்டினான் என்ற மரபுச் செய்தியும் அதைப் பற்றியதுதான். கொங்குச் சோழர்களின் கல்வெட்டுகளும் இங்கே உண்டு. ஆனால் நீங்கள் பார்க்க வருகிற கனகசபை 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மதுரையை ஆண்ட திருமலை நாயக்கரின் தம்பி அளகாத்திரி நாயக்கர் எடுப்பித்தது. சோழர் சிற்பம் என்று மனத்தில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் சோழர் கல்லில் இருக்கும் அடக்கம் இதில் இல்லை. இங்கே ஒவ்வொரு உருவமும் தூணை விட்டுப் புறப்பட்டு வருவதுபோல் முன்னே துருத்தி நிற்கும்.

இரண்டு, சுந்தரர் பேரூருக்கென்று தனிப் பதிகம் பாடவில்லை. தனிப் பதிகம் இல்லாமல் வேறு தலத்துப் பதிகத்தில் பெயர் மட்டும் வரும் ஊரை வைப்புத்தலம் என்பார்கள், பேரூர் அப்படிப்பட்டது. தில்லையில், அதாவது சிதம்பரத்தில், பாடிய பதிகத்தில் ஒரே ஓர் இடத்தில், 'மீகொங்கில் அணிகாஞ்சி வாய்ப்பேரூர் பெருமானை'ப் புலியூர்ச் சிற்றம்பலத்தே பெற்றாம் என்கிறார். காஞ்சி என்பது நொய்யலின் பழைய பெயர். எனக்கு அந்த வரியில் எப்போதும் பிடித்தது அதன் திசைதான். தில்லையில் நிற்கிறவர் தில்லையைப் புகழ்வதற்காகப் பேரூரை நினைக்கிறார். மேலைச் சிதம்பரம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்கு இதைவிட நல்ல சான்று வேறு என்ன வேண்டும்?

மே 15

இன்னொருவர் கேட்டிருக்கிறார், கனகசபையில் எதை முதலில் பார்ப்பது என்று.

கஜசம்ஹார மூர்த்தியிடமிருந்து தொடங்குங்கள். யானையின் தலைமேல் கால் ஊன்றி நின்று அதன் தோலை உரித்துப் பின்னால் விரித்துப் பிடித்திருக்கிறார். அந்தத் தோல் அவரைச் சுற்றி ஒரு திருவாசி மாதிரி வளைந்து நிற்கிறது. பச்சைத் தோலின் கனமும், அதை இழுத்துப் பிடித்திருக்கும் கைகளின் வலுவும் ஒரே கல்லில் தெரிய வேண்டும், தெரிகிறது. அடுத்து, ஒரு காலைத் தலைக்கு மேலே தூக்கி ஆடும் ஊர்த்துவ தாண்டவர். அவரோடு போட்டியிட்டு ஆடிய ஆலங்காட்டுக் காளியும் அதே மண்டபத்தில் இருக்கிறாள். இருவரையும் மாறி மாறிப் பாருங்கள், ஒருவரைப் பார்த்த சூட்டோடு மற்றவரைப் பார்த்தால்தான் போட்டி புரியும். வீரபத்திரர்கள், பிச்சாடனர், மயில்மேல் முருகன், ஆடும் பிள்ளையார் என்று மற்றவர்களுக்கு அதன் பிறகு வரலாம்.

மேலே பார்க்க மறந்துவிடாதீர்கள். விதானத்தில் கல் சங்கிலி தொங்குகிறது. சிறுவனாக இருந்தபோது, வளையங்களைத் தனித்தனியாகச் செய்து கோத்திருப்பார்கள் என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன். திருமுருகன்பூண்டியில் ஒரு சிற்பக்கூடத்துக்குப் போனபோதுதான் விவரம் தெரிந்தது. அவிநாசிக்கு அருகிலுள்ள அந்த ஊரில் இன்றும் சாலையோரக் கொட்டகைகளில் கல் சிற்பங்கள் செதுக்குகிறார்கள்; உளிச் சத்தத்தைக் கேட்டே ஊர் வந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். அங்கே ஒரு பெரியவர் எனக்குச் சொன்னது இது. சங்கிலிக்கு ஒட்டு கிடையாது, ஒரே நீளக் கல்லுக்குள்ளேயே வளையங்களைக் குறித்துக்கொண்டு, இரண்டு வளையங்கள் தொடும் இடத்தில் உள்ள கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொளிந்து எடுத்தால் கடைசியில் வளையம் தானாக விடுபடும். "கடைசி அடியிலதானுங்க எல்லாமே இருக்குது. அது வரைக்கும் அது சங்கிலியில்லீங்க, வெறுங்கல்லு," என்றார். பிறகு அருகில் கிடந்த ஒரு கல்லைச் சுத்தியலால் தட்டிக் காட்டினார். வெண்கல மணிபோல ஒலித்தால் ஆண் கல், அதைத்தான் இறைவன் உருவத்துக்கு எடுப்பார்கள் என்றார். ஒலியைக் கேட்பதற்காக அவர் தட்டியபிறகு காதைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, நான் அங்கே நிற்பதையே மறந்துவிட்டவர்போலக் காத்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு பேரூர்த் தூண்களை நான் பார்க்கும் விதம் மாறிவிட்டது. உருவத்தைச் செதுக்கிய கைகளுக்கு முன்னால், கல்லைக் கேட்ட காதுகள் இருந்திருக்கின்றன.

மே 16

நேற்றைய குறிப்பை எழுதி முடித்த பிறகு என் முதல் பதிலைப் பற்றி ஓர் உறுத்தல். கலைக்காக வருகிறவர் விழாவைத் தவிர்க்கலாம் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அது அப்படி இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

கனகசபை எதற்காகக் கட்டப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். கோமுனிக்கும் பட்டிமுனிக்கும் இறைவன் பேரூரில் நடனம் காட்டிய நாள் பங்குனி உத்திரம் என்பது தலபுராணம். அந்த நடனத்துக்கான அரங்கம் இது. தூண்களில் உள்ளவர்களும் ஆடுகிறவர்கள் அல்லது போர்க்கோலத்தில் பாய்கிறவர்கள். மேளமும் சங்கும் எண்ணெய் விளக்கும் அலங்காரமும் கூட்டமும் உள்ள இடத்தில் நிற்பதற்காகத்தான் அந்தச் சிற்பி அவர்களைச் செய்தான். அமைதியான புதன்கிழமைக் காலையில் நாம் பார்ப்பது, கூத்து முடிந்து எல்லோரும் போன பிறகு மேடையைப் பார்ப்பது மாதிரி. மேடையும் அழகுதான், மறுக்கவில்லை.

பத்து வயதில் ஒரு பங்குனி உத்திரத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அந்த மண்டபத்துக்குள் போயிருக்கிறேன். சிவனடியார்கள் கயிலாய வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கொம்பின் ஒலி கல் கூரையில் மோதித் திரும்பி என் மார்புக்குள் இறங்கியது. தீபாராதனைச் சுடர் அசைந்தபோது காளியின் முகத்தில் நிழலும் அசைந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள் என்று நான் அழுதேன். அதை வீட்டில் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெறும் நாளில் பிறகு எத்தனையோ முறை போயிருக்கிறேன், அந்த முகம் அசைந்ததில்லை.

மே 19

'அப்படியானால் பங்குனி வரை காத்திருக்க வேண்டுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஆனி வருகிறது. பேரூரில் ஆனியில் நாற்று நடவு விழா.

இதன் கதை எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்குத் தாலாட்டோடு வந்து சேரும். சுந்தரர் பொருள் கேட்டு வருகிறார் என்று இறைவனுக்குத் தெரியும். கையில் கொடுக்க ஒன்றும் இல்லை. நந்தியிடம், நான் இருக்கும் இடத்தைச் சொல்லாதே என்று சொல்லிவிட்டு, பச்சைநாயகி அம்மனோடு பள்ளனும் பள்ளியுமாக வேடம் போட்டுக்கொண்டு வயலில் இறங்கி நாற்று நடுகிறார். சுந்தரர் வந்து கேட்கிறார். நந்தி காட்டிக்கொடுத்துவிடுகிறது. சுந்தரர் வயலுக்கே போய்க் கண்டுபிடிக்கிறார். இறைவன் கோபத்தில் மண்வெட்டியால் நந்தியின் தாடையில் அடித்துவிடுகிறார்.

என் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, இந்தக் கதையைச் சொல்லும்போது, நந்தி பொய் சொன்னதால் அடி வாங்கியது என்று முடிப்பார். "பாத்துக்க கண்ணு, பொய் பேசுனா சாமியே மம்முட்டீல அடிக்கும்." வெகுகாலம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். கதை உண்மையில் நேர்மாறானது. நந்தி வாய் திறந்து சொன்னால் ஆண்டவன் கட்டளையை மீறியதாகும், தெரியாது என்றால் அடியவரிடம் பொய் சொன்னதாகும், ஆகையால் கண்ணால் வயல் பக்கம் குறிப்புக் காட்டியது. பொய் சொல்ல மனம் வராததற்காகத்தான் அடி. பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு இது சிக்கலான கதை என்பதால் அம்மிச்சி மாற்றியிருப்பார் என்று நினைக்கிறேன்.

மே 20

சுந்தரரைப் பற்றி இன்னொன்று. கொங்கு நாட்டில் அவரைப் பற்றிய கதைகளில் பொருள் குறுக்கே வந்துகொண்டே இருக்கிறது. பேரூரில் கொடுக்க இல்லாமல் இறைவன் ஒளிந்துகொள்கிறார். திருமுருகன்பூண்டியில், சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னையெல்லாம் வேடர்கள் பறித்துக்கொள்ள, 'கொடுகு வெஞ்சிலை வடுக வேடுவர்' என்று பாடி அவர் திரும்பப் பெறுகிறார். பறித்தவர்களை அனுப்பியதும் சிவனே என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேர நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் இடையே சரக்கும் காசும் போய்வந்த பெருவழி இது. பேரூருக்குக் கிழக்கே, அதே நொய்யலின் கரையிலுள்ள வெள்ளலூரில் 19-ஆம் நூற்றாண்டில் ரோமானிய வெள்ளிக்காசுகள் புதையலாகக் கிடைத்தன. காசு நடந்துபோன வழியில் காசைப் பற்றிய கதைகள் பிறந்ததில் வியப்பில்லை என்பது என் எண்ணம். அவிநாசிக் கதை மட்டும் வேறு, அங்கே அவர் கேட்டு வாங்கியது முதலை விழுங்கிய பிள்ளையை.

உங்களுக்கு இரண்டாவது நாளும் கிடைத்தால் அவிநாசியையும் பூண்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான்.

ஜூன் 2

ஒருவர் சற்றுக் கடுமையாகவே எழுதியிருக்கிறார்: 'வயலே இல்லாத ஊரில் நாற்று நடவு விழா எதற்கு? சடங்குக்காகச் சேறு குழப்புகிறார்கள்.'

வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பாதி உண்மை. நான் சிறுவனாக இருந்தபோது பேரூரிலிருந்து மேற்கே பேருந்து போகும் வழியெல்லாம் ஆற்றுப் பாய்ச்சலில் நெல்லும் வாழையும் பாக்கும் நின்றன. இப்போது அந்த இடங்களில் பெரும்பாலும் வீட்டுமனைகள். நொய்யலில் வெள்ளியங்கிரி மலையில் மழை பெய்தால்தான் தண்ணீர். மற்ற மாதங்களில் படித்துறைக்குக் கீழே கல்லும் புதரும் தெரியும். ஆடிப் பெருக்கன்று படித்துறையில் ஏழு கற்களைக் கன்னிமார்களாக வைத்துப் பெண்கள் கும்பிடுவார்கள். தண்ணீர் இல்லாத ஆண்டுகளிலும் கும்பிட்டார்கள். அந்த ஆண்டுகளில் அவர்கள் சும்மா சடங்கு செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். என் அத்தை வறண்ட மணலில் காதோலையும் கருகமணியும் வைத்துவிட்டு, மேற்கே மலையைப் பார்த்துக் கைகூப்பி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் இருந்த ஆண்டுகளில்கூட அவர் அவ்வளவு நேரம் நின்றதில்லை.

வயல் போய்விட்டது என்பதற்காக விழாவும் போக வேண்டும் என்றால், இந்த மண் வயலாக இருந்தது என்பதை அடுத்த தலைமுறைக்கு எது சொல்லும்? கச்சியப்ப முனிவர் 18-ஆம் நூற்றாண்டில் பாடிய பேரூர்ப் புராணம் சொல்லும்தான். அதை எத்தனை பேர் எடுத்துப் படிக்கிறோம்? சேறு குழப்புவதை எல்லோரும் பார்க்கிறார்கள்.

ஜூலை 3, இரவு

இன்று போய்வந்தேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு நாற்று நடவைப் பார்க்கிறேன்.

விழாவில் முன்நிற்பவர்கள் தேவேந்திர குல வேளாளர்கள். கதையில் இறைவன் ஏற்ற வேடம் உழவனுடையது என்பதால், இது அவர்களுடைய உரிமை. உற்சவரையும் அம்மனையும் எழுந்தருளச் செய்து கொண்டுவந்தார்கள். மேளம் ஒரு நிமிடம் நின்றது. குலவை எழும்பியது. பெண்கள் வரிசையாகச் சேற்றில் இறங்கினார்கள். எனக்கு மிக அருகில் இருந்த ஒரு மூதாட்டி இடது கையில் நாற்று முடியை வைத்துக்கொண்டு, வலது கைப் பெருவிரலும் இரண்டு விரல்களும் மட்டும் சேர்த்து இரண்டு மூன்று நாற்றுகளைப் பிரித்து, விரல் கணு வரை சேற்றில் செலுத்தி, கையை எடுக்கும்போது மண்ணை ஒரு தரம் வருடிவிட்டு அடுத்த இடத்துக்குப் போனார். கண் நாற்றில் இல்லை, சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை தானாக நட்டது, இடைவெளி ஓர் இடத்திலும் தவறவில்லை.

கரையேறியபோது அவரிடம், எத்தனை வருசமாக நடுகிறீர்கள் என்று கேட்டேன். "எங்காத்தா கூட வந்த நாள்லிருந்துங்க," என்றார். பிறகு மடியில் செருகியிருந்த நாற்றில் ஒரு பிடியை எடுத்து நீட்டி, "ஊட்டுக்குக் கொண்டு போய் வெய்யி சாமி," என்றார்.

அதை ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கனகசபைக்குள் போனேன். கால்களில் சேறு காய்ந்த நிலையில் குழந்தைகள் சிலர் தூண்களுக்கு இடையே ஓடிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் இருந்தது, உண்மைதான். ஒரு தூணின் முன் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளில் நான் கவனிக்காத ஒன்று இன்று தெரிந்தது. பின்னாலிருந்து நெருக்கியதால் ஓரமாகத் தரையில் உட்கார வேண்டியதாயிற்று. உட்கார்ந்து அண்ணாந்தபோது ஊர்த்துவ தாண்டவரின் தூக்கிய கால் தலைக்கு மேலே இன்னும் போய்க்கொண்டிருப்பதுபோலத் தெரிந்தது. நின்று பார்த்தபோதெல்லாம் அந்தக் கால் முடிந்துபோன ஓர் அசைவாகத்தான் தெரிந்திருக்கிறது.

ஜூலை 4

அடுத்த வாரம் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். விழா முடிந்திருக்கும், அதனால் குறையொன்றும் இல்லை. காலையில் சிற்பங்களைப் பாருங்கள். காமதேனுவின் கன்றான பட்டியின் குளம்புச் சுவடு பதிந்ததாகச் சொல்லப்படும் மூலவரை வணங்குங்கள். புற்றில் கால் மாட்டிய கன்றை விடுவிக்கக் காமதேனு கொம்பால் முட்டிய தழும்பும் உண்டு என்று குருக்கள் காட்டுவார். விதை முளைக்காத பிறவாப்புளியும், சாவில்லாத இறவாப்பனையும் எங்கே என்று ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். நடை சாத்திய பிறகு படித்துறைக்குப் போய் உட்காருங்கள். தென்மேற்குப் பருவமழை மலையில் பிடித்துவிட்டது என்கிறார்கள், ஆற்றில் தண்ணீர் வந்தாலும் வரலாம். பங்குனிக்கு இன்னொரு முறை வருவதாக இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். அப்போது முந்தின நாள் காலையிலேயே வந்து தூண்களைத் தனியாகப் பார்த்துவிட்டு, மறுநாள் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போங்கள்.

முதல் குறிப்பில் மண்டபத்தின் நடுவில் நின்று பாருங்கள் என்று எழுதியிருந்தேன். அதை விட்டுவிடுங்கள், தரையில் உட்கார்ந்து பாருங்கள்.